கடைசி ஒரு சாண்

டம்ளரும் திரையும்

சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில், பக்கவாதத்தால் வலது கை வழங்காமற்போன ஒரு மூதாட்டி கட்டிலில் சாய்ந்திருக்கிறார் என்றும், அவருடைய மகன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உத்தியோகம் பார்க்கிறான் என்றும், பகலில் அந்த அம்மாளுக்குத் துணையாக இருக்கும் பெண் கடைத்தெரு வரையில் போயிருக்கிறாள் என்றும் வாசகர் சற்றுக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கட்டிலருகே நிறுத்திவைத்த கைபேசியில் மகனுடைய முகம் தெரிகிறது. அவன் பேசுவது கணீரென்று கேட்கிறது. அம்மாளின் உதடு வறண்டிருப்பதையும், எட்டாத தூரத்தில் ஸ்டூலின்மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மூடிவைத்திருப்பதையும் அவனும் பார்க்கிறான். “ஏம்ப்பா, உன் மூஞ்சி வருது, குரல் வருது; அந்தத் தண்ணி டம்ளரை எடுத்துக் குடுக்க ஒரு கை மட்டும் இதுல வராதா?” என்று அம்மாள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது?

குழந்தைத்தனமான கேள்வி என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், குஜராத்தில், தேஜஸ் படேல் என்னும் இருதய மருத்துவர் காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் அமர்ந்துகொண்டு, சுமார் 32 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இருதய ரத்தக்குழாய் அடைப்பை, யந்திரக் கரம் ஒன்றை இயக்கி நீக்கினார். இருதயத்துக்குள் நுழைந்து வேலை செய்ய 32 கிலோமீட்டர் தடையில்லை என்றால், ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் கொடுக்க 45 கிலோமீட்டர் எப்படித் தடையாகும்? தூரந்தான் தடை என்று நாம் நினைப்பது தவறு என்பதையும், தடை முழுவதும் டம்ளருக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள கடைசி ஒரு சாணில் ஒளிந்திருக்கிறது என்பதையும் இந்த அத்தியாயத்தில் படிப்படியாகக் காண்போம்.

பொம்மலாட்டக் கயிறு

ரோபோ என்றவுடன் சினிமாவில் வருவதைப் போலத் தானே யோசித்துத் தானே நடக்கும் இரும்பு மனிதனை நினைத்துக்கொள்வது நம் வழக்கம். காரெல் சாபெக் என்னும் செக் நாடகாசிரியர் 1920-இல் எழுதிய நாடகமே அந்தச் சொல்லை உலகுக்கு அளித்தது. செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. நாம் இங்கே பேசப்போகும் யந்திரமோ அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்குச் சுயபுத்தி மிகக் குறைவு. வேறோர் இடத்தில் இருக்கும் மனிதன் கையை அசைத்தால் அது அசையும், அவன் நிறுத்தினால் நிற்கும். இதைத் ‘தொலைக்கரம்’ என்று பெயரிட்டு அழைப்போம். நம் ஊர்ப் பொம்மலாட்டத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும்: மேடையில் ஆடுவது பொம்மை, ஆட்டுகிறவன் திரைக்குப் பின்னால், இரண்டுக்கும் இடையே கயிறு.

அந்தக் கயிற்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொம்மலாட்டக்காரன் கயிற்றை இழுக்கும்போது பொம்மை மட்டும் அசைவதில்லை. பொம்மையின் பாரமும், அது எதிலாவது தட்டி நின்றால் அந்தத் தடங்கலும், அதே கயிற்றின் வழியாக அவன் விரலுக்குத் திரும்பி வருகின்றன. கயிறு இருவழிப் பாதை. முதல் தொலைக்கரங்களைச் செய்தவர்கள் இந்த உண்மையை நன்றாக அறிந்திருந்தார்கள். 1940-களின் இறுதியில், அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்கு அருகே உள்ள ஆர்கான் ஆராய்ச்சிசாலையில், கதிரியக்கப் பொருள்களைக் கையால் தொட முடியாத காரணத்தால், ரேமண்ட் கோர்ட்ஸ் என்னும் பொறியாளர் கனத்த தடுப்புச் சுவருக்கு இப்புறம் ஒரு ஜோடிக் கைப்பிடிகளையும் அப்புறம் ஒரு ஜோடி இரும்புக் கரங்களையும் அமைத்து, இரண்டையும் உலோகப் பட்டைகளால் பிணைத்தார். இப்புறம் பிடித்தால் அப்புறம் பிடிக்கும். அப்புறம் கனத்தால் இப்புறமும் கனக்கும். கடலூரிலிருந்து கடற்கரையோடு வடக்கே சென்றால் வரும் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய கரங்கள், கனத்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே, இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

உலோகப் பட்டையைச் சுவருக்கு அப்பால் நீட்டலாம்; ஊருக்கு அப்பால் நீட்ட முடியாது. ஆகவே 1954-இல் கோர்ட்ஸ் பட்டையை எடுத்துவிட்டு மின்கம்பியை வைத்தார். அப்படி வைத்தபோது, அசைவை மட்டும் அனுப்பினால் போதாது, எதிர்ப்பையும் அளந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்காக, இரு முனைகளிலும் மோட்டார்களை அமைத்தார். இவ்வாறு தொலைவிலுள்ள பொருளின் பாரமும் தடையும் இயக்குபவரின் கைக்குத் திரும்பி வருவதை ‘ஸ்பரிச மறுமொழி’ என்று சொல்லலாம். கைபேசியில் முகமும் குரலும் வந்து கை மட்டும் வராமலிருப்பதற்கு முதற்காரணம் இங்கே அகப்படுகிறது. பார்ப்பதற்கு, பார்க்கப்படும் பொருளை நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கேட்பதற்கும் அப்படியே. தொடுவது மட்டும் செய்கையும் அறிவும் ஒரே க்ஷணத்தில் கலந்த காரியம். தொடும் கை அழுத்துகிறது, அழுத்தும்போதே அறிகிறது, அறிந்தபடியே அழுத்தத்தை மாற்றுகிறது.

ஒரு டம்ளர் தண்ணீர்

இப்போது சிதம்பரத்து வீட்டுக்கு வருவோம். சக்கரங்களின்மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு காமிரா, பக்கவாட்டில் நீளும் ஒரு கரம், நுனியில் ரப்பர் உறையிட்ட இரண்டு விரல்கள் என்று எளிய தொலைக்கரம் ஒன்று கூடத்தில் நிற்பதாகவும், மகன் கடலூரில் இருந்தபடி அதை இயக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். ஸ்டூலை நோக்கி நகர்வது சுலபம். டம்ளரை நோக்கிக் கையை நீட்டுவதும் அவ்வளவு கடினமில்லை. சங்கடம் விரல்கள் டம்ளரைத் தொட்ட இடத்தில் ஆரம்பமாகிறது.

டம்ளரும் தண்ணீருமாகக் கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதைத் தூக்குவதற்கு எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. வெளிப்புறம் ஈரமாக இருந்தால் அதிகம் இறுக்க வேண்டும், காய்ந்திருந்தால் கொஞ்சம் போதும். நாம் இதை யோசித்துச் செய்வதில்லை. ஸ்வீடன் தேசத்தில் ரோலண்ட் யோஹான்சன், யோரன் வெஸ்ட்லிங் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனித விரல்கள் ஒரு பொருளை நழுவாமல் தடுக்க வேண்டிய அளவுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் பிடிக்கின்றன என்றும், பொருள் நழுவத் தொடங்கினால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தாமாகவே பிடியை இறுக்கிக்கொள்கின்றன என்றும் காட்டினார்கள். டம்ளர் நழுவுகிறது என்று நம் மனத்துக்குத் தெரியவருமுன்பே விரல்கள் தம் கடமையை முடித்துவிடுகின்றன.

எடுப்பதை விடக் கொடுப்பது நுட்பமானது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு டம்ளர் மாறும் அந்தச் சிறு பொழுதை எண்ணிப் பாருங்கள். “பிடிச்சுட்டியா?” என்று நாம் கேட்பதில்லை. வாங்குகிறவர் பாரத்தைத் தாங்க ஆரம்பித்தவுடன் நம் விரல்களில் பாரம் குறைகிறது. குறைந்த அளவுக்கு நம் பிடியும் தளர்கிறது. முழுப் பாரமும் அவர் கைக்குப் போனபின்புதான் விடுகிறோம். வாங்குகிற கை நடுங்கினால், விடாமல் கூடவே தாங்கிக்கொண்டு உதடு வரையில் போகிறோம். இதில் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை, காமிராவுக்கும் தெரியாது. டம்ளரைச் சுற்றி அம்மாளின் இடக்கை விரல்கள் மூடியிருப்பது திரையில் தெரியும். அந்த விரல்கள் தாங்குகின்றனவா, வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்பது தெரியாது. மகன் முன்னதாக விட்டால் தண்ணீர் மடியில் கொட்டும்; பின்னதாக விட்டால் வலுவில்லாத கையோடு யந்திரம் மல்லுக்கு நிற்கும்.

தாமதத்தின் கணக்கு

ஸ்பரிச மறுமொழியை மகனுடைய கைக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடாதா என்று வாசகர் கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் அது நேரத்தில் போய்ச் சேர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகையால் 45 கிலோமீட்டரைக் கடக்க, ஒரு விநாடியை 4,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு போதும். செய்தி நேர்வழியில் செல்லாமல், தபால் பையைப் போலச் சென்னை வரையில் போய்த் திரும்பி 400 கிலோமீட்டர் சுற்றினாலும், விநாடியில் 500-இல் ஒரு பங்குதான் ஆகும். தூரத்தின் கணக்கு இவ்வளவே.

உண்மையான தாமதம் வேறு இடங்களில் சேர்கிறது. காமிரா விநாடிக்கு 30 படம் பிடிக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே விநாடியில் 30-இல் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. பிடித்த படத்தை அனுப்புவதற்கேற்பச் சுருக்க வேண்டும். வீட்டு வைஃபையில் பிற செய்திகளோடு அது வரிசையில் நிற்க வேண்டும். அக்கரையில் விரித்துத் திரையில் காட்ட வேண்டும். நல்ல இணைப்பிலும் இவையெல்லாம் சேர்ந்து விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எளிதில் ஆகிவிடும். கண்டதற்கு ஏற்பக் கையை அசைக்க மனிதனுக்கு இன்னோர் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். ஆகக் கூடி, அங்கே ஒன்று நிகழ்ந்ததற்கும் அதற்கு மகன் பதில் செய்வதற்கும் இடையே விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு கழிந்துபோகிறது.

இது பெரிதா, சிறிதா? கை விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், நிறுத்த வேண்டிய நிலை அங்கே நேர்ந்து யந்திரம் நிற்பதற்குள் அது 20 சென்டிமீட்டர் சென்றுவிடும். இது ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. கூடத்தின் நடுவில் ஒரு சாண் பிசகினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உதட்டுக்கு முன்னால் ஒரு சாண் பிசகினால் டம்ளரின் விளிம்பு பல்லில் இடிக்கும். இதே கையை விநாடிக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறைத்துவிட்டால் பிசகு 2 சென்டிமீட்டராகச் சுருங்கும். எனவே தொலைக்கரம் செய்பவர்கள் கைக்கொள்ளும் முதல் நியதி, மனித உடலை நெருங்க நெருங்க யந்திரத்தின் வேகம் தானே குறைய வேண்டும் என்பது. இரண்டாவது நியதி, கடைசி அசைவை உதவி பெறுபவரிடமே விட்டுவிடுவது. ஊட்டும் யந்திரங்கள் பலவும் கரண்டியை வாய்க்குள் நுழைப்பதில்லை. சற்று முன்னே நிறுத்திக் காத்திருக்கின்றன. உண்பவர் தலையை முன்னே கொண்டுவந்து வாங்கிக்கொள்கிறார். இதில் மரியாதையும் இருக்கிறது, பத்திரமும் இருக்கிறது.

சந்திரனில் கற்ற பாடம்

தாமதத்தோடு வாழ்வது எப்படி என்பதை மனிதன் வீட்டில் கற்கவில்லை, சந்திரனில் கற்றான். 1970-ஆம் ஆண்டு நவம்பரில் சோவியத் தேசத்தார் சந்திரனில் இறக்கிய லூனகோத் என்னும் வண்டியைப் பூமியிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று ஓட்டியது. ஆணை போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல், விளைவு தெரியவர மீண்டும் ஒரு விநாடிக்கு மேல் ஆகும் நிலையில், அவர்கள் சிறிது நகர்த்துவதும், படம் வரக் காத்திருப்பதும், மறுபடி சிறிது நகர்த்துவதுமாகவே ஓட்ட வேண்டியிருந்தது. இந்தப் போக்கை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் வில்லியம் ஃபெரல் சோதனை செய்து கண்டிருந்தார். தாமதமுள்ள யந்திரக் கரத்தைக் கொடுத்தால், யாரும் சொல்லித்தராமலே மனிதர்கள் ‘அசைத்துப் பொறுத்தல்’ என்ற முறைக்குத் தாமாக வந்துவிடுகிறார்கள் என்பதே அவர் கண்ட உண்மை.

அசைத்துப் பொறுத்தால் விபத்து நேராது, வேலையோ நத்தையாகிவிடும். ஃபெரலும் அவருடன் பணிபுரிந்த தாமஸ் ஷெரிடனும் இதற்கு ஒரு மாற்று வழியைச் சொன்னார்கள். ஒவ்வோர் அசைவையும் தொலைவிலிருந்து ஆணையிடாமல், ‘இன்னதைச் செய்’ என்று நோக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு, செய்யும் விதத்தை யந்திரத்தினிடமே ஒப்படைத்து, மேலிருந்து கண்காணித்துக்கொண்டிருப்பது அந்த வழி. இதை ‘மேற்பார்வை இயக்கம்’ என்போம்.

இது புதுமையான தந்திரமாகத் தோன்றலாம். நம் உடல் பல லட்சம் ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறது. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், செய்தி மூளைக்குப் போய்த் தீர்ப்பு வாங்கித் திரும்புவதற்கு முன்பே, முதுகுத்தண்டிலுள்ள நரம்புகள் கையை இழுத்துவிடுகின்றன. மூளைக்கும் விரல்நுனிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்திலேயே தாமதம் உண்டு; அதனால் அவசர காரியங்களை விரலுக்கு அருகிலேயே முடித்துக்கொள்ள இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. அவ்வாறே நம் தொலைக்கரத்திலும், டம்ளர் நழுவினால் இறுக்குவதும், அம்மாள் பாரத்தைத் தாங்கியவுடன் விடுவதும் ஆகிய இவ்விரு காரியங்களையும், மணிக்கட்டில் பொருத்திய சிறு பார உணர்கருவியைக் கொண்டு யந்திரமே அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். எந்த டம்ளர், எப்போது, கொடுக்கலாமா கூடாதா, அம்மாளுக்குப் புரை ஏறியிருக்கிறதா என்பவை மகனுடைய பொறுப்பு. விரலின் வேலையை விரலுக்கும் மனத்தின் வேலையை மனத்துக்கும் பிரித்துக் கொடுத்தால் 45 கிலோமீட்டர் மறைந்துபோகிறது.

ஆஸ்பத்திரித் தரையும் வீட்டுத் தரையும்

இருதயத்துக்குச் சென்ற கை டம்ளருக்கு ஏன் வரவில்லை என்ற ஆரம்பக் கேள்விக்கு இப்போது விடை காணலாம். அகமதாபாத்தில் யந்திரம் செய்த அசைவுகள் மிகச் சில: மெல்லிய கம்பியை முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது, திருப்புவது. நோயாளி அசையாமல் படுத்திருந்தார். யந்திரம் கட்டிலோடு பொருத்தப்பட்டிருந்தது. எது பிசகினாலும் ஏற்றுக்கொள்ள மருத்துவக் குழு ஒன்று பக்கத்திலேயே நின்றது. சிகிச்சை அரிது, சூழ்நிலை எளிது. வீட்டிலோ செய்கை எளிது, சூழ்நிலை அரிது.

தமிழ்நாட்டில் நாம் கண்ட அனுபவமும் இதையே கூறுகிறது. 2020-இல் கொரோனா பரவிய நாள்களில், திருச்சியைச் சேர்ந்த ப்ரொபெல்லர் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய ‘ஸாஃபி’ என்ற ரோபோக்கள், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்வதற்காகப் பரீட்சிக்கப்பட்டன. ஊழியர் தொலைவில் நின்று இயக்க, வண்டி தட்டோடு சென்று கட்டிலருகே நிற்கும். தட்டிலிருந்து எடுத்துக்கொள்வது நோயாளியின் பொறுப்பு. வராந்தாவின் நீளத்தை யந்திரம் கடந்தது. கடைசி ஒரு சாணை மனிதக் கை கடந்தது. எழுந்து கையை நீட்டக்கூடிய நோயாளிக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

சிதம்பரத்து ஓட்டு வீட்டில் இந்த வண்டியை ஓட்டிப் பாருங்கள். ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு நிலைப்படி. கூடத்திலிருந்து முற்றத்துத் தாழ்வாரத்துக்கு ஓர் இறக்கம். சமையலறைக்கு மீண்டும் ஒரு படி. ஆறு அங்குல வாசற்படி சிறு சக்கரத்துக்கு மலையைப் போன்றது. தரையில் விரித்த பாய், காயப்போட்ட வடகம், மழை நாளில் ஓதம் காத்த சிமென்டுத் தரை, நடுவழியில் படுத்திருக்கும் பூனை ஆகிய எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இல்லாதவை. அடுக்குமாடி வீட்டின் சமதளத் தரையை மனத்தில் வைத்துச் செய்த யந்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறை கூறுவதில் பயனில்லை. வாசற்படிக்கு ஒரு சரிவுப் பலகை போடுவது, எந்த ரோபோவையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய காரியம். சக்கர நாற்காலிக்கும் அது உதவும்.

கயிற்றின் மறுமுனை

இதுவரை இயக்குபவர் மகன், உதவி பெறுபவர் தாய் என்றே பேசிவந்தோம். இந்த முறையைத் திருப்பிப் போட்டவர் ஒருவரைச் சொல்லாவிட்டால் அத்தியாயம் பூர்த்தியாகாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹென்றி எவான்ஸ், 2002-இல், தமது 40-ஆவது வயதில், மூளைத்தண்டில் நேர்ந்த வாதத்தால் பேச்சையும் கைகால்களின் அசைவையும் இழந்தார். பின்னர் தலையைச் சிறிது அசைக்க முடிந்தது. அந்தத் தலையசைவைக் கொண்டே கணினியை இயக்கி, கணினியின் வழியாகப் பி.ஆர்.2 என்ற பெரிய ரோபோவை இயக்கி, பல ஆண்டுகளாகத் தம்மால் செய்ய முடியாதிருந்த இரண்டு காரியங்களை அவர் செய்தார்: முகத்தில் அரித்த இடத்தைத் தாமே சொறிந்துகொண்டார், தாமே முகச்சவரம் செய்துகொண்டார். அந்த ரோபோ ஓர் ஆளைப் போல மூன்று பங்கு கனமும், ஒரு சிறு தொழிற்சாலையின் விலையும் உடையது. 2023-இல் அவர் தம் வீட்டில் ஒரு வார காலம் வைத்துப் பயன்படுத்திய ‘ஸ்ட்ரெட்ச்’ என்ற ரோபோவோ ஒருவர் தூக்கி வைக்கக்கூடிய அளவுக்கு, 25 கிலோவுக்குள் அடங்கிவிட்டது.

இன்னொரு சான்று டோக்கியோ நகரத்தில் இருக்கிறது. 2018-இல் சோதனையாகத் தொடங்கி 2021-இல் நிலையாக அமைந்த ஒரு சிற்றுண்டிச்சாலையில், ஒரிஹிமே என்ற ரோபோக்கள் வாடிக்கையாளருடன் பேசிக் காப்பி கொண்டுவந்து கொடுக்கின்றன. அவற்றை இயக்குபவர்கள், தசை நலிவு போன்ற நோய்களால் வெளியே வர இயலாமல், தத்தம் வீடுகளில் இருப்பவர்கள். சிலர் கண்ணசைவாலேயே இயக்குகிறார்கள். அதற்கு ஊதியமும் பெறுகிறார்கள். பொம்மலாட்டக் கயிற்றின் எந்த முனையில் யார் இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் ஒன்றும் இல்லை. கட்டிலில் கிடப்பவர் பொம்மையின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவது ஆரோக்கியமாய் இருப்பவர்களின் பழக்கதோஷம். நம் அம்மாளின் இடக்கையும் கண்ணும் புத்தியும் நன்றாகவே இருக்கின்றன. கடலூர் மகன் அலுவலில் மூழ்கியிருக்கும் வேளையில், மடியிலுள்ள ஒரு சிறு திரையைத் தட்டித் தம் டம்ளரைத் தாமே வரவழைத்துக்கொள்ள அவரால் ஏன் முடியாது?

கயிறு அறுந்தால்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததை அந்த மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்தன; பல கிராமங்களில் விளக்கு எரியப் பல நாள்கள் ஆயின. வங்கக் கடலோரத்தில் தொலைக்கரத்தை அமைக்க விரும்புபவர், கயிறு அறுந்துபோவதை அபூர்வ விபத்தாகக் கருதாமல், வருஷந்தோறும் ஐப்பசி கார்த்திகையில் எதிர்பார்க்க வேண்டிய நிகழ்ச்சியாகவே கொள்ள வேண்டும்.

அதற்கான உபாயம் மிக எளியது. இயக்குபவரின் கருவி விநாடிக்குப் பல முறை, ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று ஒரு சிறு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதை ‘நாடிச் செய்தி’ எனலாம். நாடி நின்றால் யந்திரமும் உடனே நிற்க வேண்டும். மின்சாரம் போனாலும் கரம் தொப்பென்று விழுந்துவிடாமல், மூட்டுகளிலுள்ள தடைக்கட்டைகள் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும். எனினும் நிற்பது எப்போதும் பத்திரமாகிவிடாது. சுடுகஞ்சிக் கிண்ணத்தோடு அம்மாளின் மடிக்கு மேலே நின்றுபோன கரம், நின்றதனாலேயே அபாயமாகிறது. ஆகையால், இணைப்பு அறுந்தால் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு மெல்லப் பின்வாங்கி, கையிலுள்ளதை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் அளவுக்கு அதற்குச் சொந்த அறிவு இருந்தாக வேண்டும். மனிதரைத் தூக்கிப் புரட்டுவது, குளிப்பாட்டுவது போன்ற வேலைகளை இன்னும் நெடுநாளைக்கு இந்த மெலிந்த கரங்களிடம் ஒப்படைப்பதற்கில்லை என்பதற்கும் இதுவே காரணம்: பாதியில் நின்றால் பாதகமில்லாத வேலை மட்டுமே தொலைக்கரத்துக்கு ஏற்ற வேலை.

திரையைப் போர்த்தும் உரிமை

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் கடலூரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், தனியாக வீட்டைக் காக்கும் முதியவர்கள் இனிப் பெருகவே போகிறார்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அவர்கள் நாள்தோறும் வரக்கூடியவர்களல்லர். டம்ளர் நாளைக்குப் பத்து முறை வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியே தொலைக்கரத்துக்கு உரிய இடம். வருகின்ற மனிதரை வரவேண்டாம் என்று சொல்வதற்கு அதை ஒரு சாக்காக்கினால், கட்டிலருகே ஒரு காமிராவை நிறுத்திவிட்டுத் தாயைக் கைவிட்டதாகவே முடியும்.

காமிராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும், “யாரது?” என்று கேட்டபடி முந்தானையைச் சரிசெய்துகொள்ள நம் வீட்டுப் பெண்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. தொலைக்கரத்துக்குச் செருப்பு இல்லை. ஆகவே அது விழிக்குமுன் மணி ஒலிக்க வேண்டும்; விழித்திருக்கும் வரையில் விளக்கு எரிய வேண்டும்; அம்மாள் தம் இடக்கையால் இழுத்து மூடக்கூடிய ஒரு மூடி காமிராவுக்கு இருக்க வேண்டும். மகனே ஆனாலும், மூடியைத் திறக்கும் அதிகாரம் அவனுக்கு இருக்கக் கூடாது.

தாய்க்கு இப்படி ஒரு யந்திரத்தை வாங்கித்தர எண்ணும் வாசகர், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கட்டிலில் தாமே உட்கார்ந்து, வலது கையை உபயோகிக்காமல், வாசற்படி எங்கே, ஸ்டூல் எவ்வளவு தூரம், டம்ளர் எத்தனை முறை வேண்டியிருக்கிறது, எத்தனை முறை யாரும் பாராமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பில் பாதி, ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாலே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு யந்திரம் வாங்கலாம்.